மேட்டுத் தெரு வழியாக

ஆரணி
18-1-1981

அன்புள்ள அண்ணனுக்கு ஆதிலட்சுமி எழுதுவது.

நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம். அண்ணி சுகமா? பொங்கலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று அம்மா கரும்பில் பாதியை வெட்டாமல் வைத்திருந்தாள். கடைசியில் அது ஆட்டுக்குட்டிக்குப் போனது.

மார்கழியில் நம் காலனி செல்லம்மாளின் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். மேட்டுத் தெரு வழியாகப் போனால் சுடுகாடு கூப்பிடு தூரம். நம் பிணம் தெருவுக்குள் வரக்கூடாது என்பதால் வயலைச் சுற்றி முக்கால் மைல் தூக்கிப் போனார்கள். வரப்பில் ஒரு ஆள்தான் நடக்கலாம். பாடைக்கோ நான்கு பேர் வேண்டும். நான்கு பேரும் முழங்கால் சேற்றில் இறங்கி நடந்திருக்கிறார்கள். நாற்றை மிதித்துவிட்டார்கள் என்று வயல்காரர் கரையில் நின்று திட்டினாராம். சாவு வீட்டுக்காரர்களைத் திட்ட எப்படித்தான் வாய் வருகிறதோ!

இந்தத் தடவை நாங்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கிராம சேவிகா வந்து காலனியில் மாதர் சங்கம் ஆரம்பித்தார் இல்லையா? தக்காளி ஜாம் போடச் சொல்லித்தர வந்தவர்தான். தக்காளி வாங்க வழியில்லாததால் நாங்கள் மனு எழுதக் கற்றுக்கொண்டோம். நான்தான் செயலாளர், சிரிக்காதீர்கள். சாவுக்கு மேட்டுத் தெரு வழி வேண்டும் என்று தாசில்தாருக்கு மனு கொடுக்கப் போகிறோம். இருபத்தெட்டுப் பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் போட்டிருக்கிறார்கள்.

அதில் அப்பாவைப் பற்றி எழுத வேண்டும், அண்ணா. எழுபத்து நாலு ஐப்பசியில் அப்பாவின் பாடை வயலில் விழுந்ததே, அதைப் பார்த்தவர் நீங்கள்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அய்யாக்கண்ணு அண்ணன் குடித்திருந்தார், கால் வழுக்கிவிட்டார் என்று நீங்கள் வந்து சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியும். நடந்ததை உங்கள் கையால் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.

அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை ஆதிலட்சுமி

•

தங்கவயல்
9-2-1981

அன்புத் தங்கை ஆதிலட்சுமிக்கு அண்ணன் குப்புராஜ் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். உன் அண்ணி குணாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது தேவலை. எனக்கு இந்த மாதம் முழுவதும் இரண்டாவது ஷிப்ட். அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

உன் கடிதம் கிடைத்தது. நீ செயலாளர் ஆனதில் சந்தோஷம். நேற்று எங்கள் சுரங்க லைன் வீடுகளில் ஒருவர் செத்துப்போனார். மேளம் அடித்து, பூ இறைத்து, பெரிய ரோட்டின் நடுவில் கொண்டுபோனோம். பஸ் ஓரமாக நின்று வழிவிட்டது. இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், இங்கே இருக்கிற வழக்கம் இங்கே, அங்கே இருக்கிற வழக்கம் அங்கே. எதிர்த்துக்கொண்டால் மேட்டுத் தெருக்காரர்கள் வீட்டுத் தறிக்கு நம் பெண்கள் பட்டு நூலைக் குழலில் தார் சுற்றுகிற வேலை என்ன ஆகும்? யோசித்துப் பார்.

அப்பாவின் விஷயத்தைக் கிளற வேண்டாம். ஏழு வருடம் ஆகப்போகிறது. எழுத என்ன இருக்கிறது, மழை பெய்தது, அவ்வளவுதான்.

அம்மாவைக் கவனித்துக்கொள். தங்கவேலு மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

அண்ணன்,
குப்புராஜ்

•

ஆரணி
1-3-1981

பாசமுள்ள அண்ணனுக்கு,

இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஆடு இரண்டு குட்டி போட்டது. உங்கள் கடிதத்தை அம்மா இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இருமலுக்கு வேலூர் போய் மருந்து வாங்கி வந்தோம்.

மனுவைக் கொடுத்துவிட்டோம். தாசில்தார் வாங்கிப் படித்தார். நல்ல மனுஷர்தான், நின்றுகொண்டிருந்த எங்களை பெஞ்சில் உட்காரச் சொன்னார். ஊர்க்காரர்களையும் எங்களையும் உட்கார வைத்துச் சமாதானக் கூட்டம் போடுவதாகச் சொன்னார். ஏப்ரல் இருபத்து நாலு.

அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. ராஜவேலு முதலாளி வீட்டுக்குச் சுற்றிய தாரைக் கொடுக்கப் போனேன். அவர் பாக்குவெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"ஏம்மா ஆதி, உங்கப்பன் தருமன் விஷயத்தை மனுவுல எழுதியிருக்கியாமே? ஒங்க அய்யாக்கண்ணு குடிச்சிட்டு வுழுந்ததுக்கு வயலு என்னா பண்ணும், வழி என்னா பண்ணும்?"

தாரைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அய்யாக்கண்ணு அண்ணனிடம் வந்து கேட்டேன். "எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல ஆதி. நான்தான் வுழுந்திருப்பேன். என்னை அதுல இழுக்காத" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். உங்களுக்குத் தெரியுமா, அப்பா செத்த அன்றிலிருந்து அவர் குடியைத் தொடவில்லை. ஒரு சாவுக்கும் தோள் கொடுப்பதில்லை. சாவு மேளம் கேட்டால் கழனிப் பக்கம் போய்விடுகிறார். பெரியப்பா மகன் என்றாலும், பெற்ற தாய் இல்லாமல் நம் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவர். பார்க்கவே பாவமாக இருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன். குடிக்காத ஒரு ஆள், கூட இருந்து பார்த்த ஆள், எழுத வேண்டும். நீங்கள் எழுதினால் போதும்.

அண்ணிக்கு என் அன்பு. காய்ச்சலுக்குப் பிறகு புளி சேர்க்க வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

ஆதிலட்சுமி

•

தங்கவயல்
2-4-1981

ஆதிலட்சுமிக்கு ஆசிகள்.

நாங்கள் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, ஓவர்டைம். இங்கே இருந்து ஆரணி வரும் ஒருவரிடம் அம்மாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை கொடுத்தனுப்பியிருக்கிறேன். நல்ல போர்வை, மழைக்காலத்துக்கு உதவும்.

ராஜவேலு முதலாளியைப் பகைத்துக்கொள்ளாதே. நான் சின்ன வயதில் அவர் வீட்டில்தான் தார் சுற்றினேன். பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டுக்கு அவர்தான் கூட வந்தார். எதுவாக இருந்தாலும் நிதானமாகப் பேசினால் கேட்பார்.

அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாளா?

குப்புராஜ்

•

ஆரணி
26-4-1981

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை.

நேற்று முன்தினம் சமாதானக் கூட்டம் நடந்தது. ஊர்ப் பக்கம் பத்துப் பேர், எங்கள் பக்கம் நான்கு பெண்கள். நான் எழுந்து அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ராஜவேலு முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்தார். "இவ அண்ணனே எனக்கு எழுதியிருக்கான், கேளுங்க" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'எங்கள் அப்பாவை வயல் வழியாகக் கொண்டுபோனதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் இல்லை. அய்யாக்கண்ணு குடித்திருந்ததால் தவறு நேர்ந்தது. தங்கை தெரியாமல் பேசுவதைப் பெரிய மனது செய்து மன்னிக்கவும்.'

நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எனக்கு சிலேட்டில் எழுதப் பழக்கியவன் நீ. ஏப்ரல் முதல் தேதி போட்டிருந்தாய். மறுநாள்தான் எனக்குப் போர்வையைப் பற்றி எழுதினாய். அதில் இதை ஒரு வார்த்தை சொன்னாயா?

தாசில்தார் என்ன செய்வார்? "குடும்பத்துல மூத்த பிள்ளையே இப்படி எழுதியிருக்காரேம்மா" என்றார். கூட்டம் முடிந்தது. வெளியே அய்யாக்கண்ணு அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. என்னைப் பின்னால் உட்கார வைத்து வீடு வரைக்கும் மிதித்தார். எனக்கு அழுகை வந்தது. உன் மேல் வந்த கோபத்தில்தான் அழுதேன்.

வெட்கமாக இருக்கிறது, அண்ணா. உனக்கு அங்கே பஸ் நின்று வழிவிடுகிறது. எங்களுக்கு நீ வயலைக் காட்டுகிறாய்.

நேற்று சங்கத்தில் முடிவு செய்துவிட்டோம். இந்த வைகாசி முகூர்த்தம் முடிந்ததும் தீபாவளிப் புடவைக்குத் தறியில் பாவு நூலைப் பூட்டுவார்கள். அன்றிலிருந்து காலனியில் ஒரு தார் சுற்றிப் போகாது. இழை ஓட்டும் நாடாவுக்குள் வைக்கத் தார் இல்லாமல் தறி எப்படி ஓடும் என்று பார்க்கிறோம். பட்டைத் தொட்டுச் சுற்ற எங்கள் கை ஆகும், பிணம் போக அவர்கள் தெரு ஆகாதோ?

போர்வை வந்து சேர்ந்தது. அம்மா அதைப் போர்த்திக்கொண்டிருக்கிறாள்.

ஆதிலட்சுமி

•

தங்கவயல்
20-6-1981

அன்புள்ள நாத்தனாருக்கு குணசுந்தரி எழுதியது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருக்கிறோம். உங்கள் அண்ணன் உங்களுக்குப் பதில் எழுத தினமும் உட்காருகிறார். நான்கு வரி எழுதுகிறார், கிழிக்கிறார். போஸ்ட் ஆபீஸில் இவருக்காகவே லெட்டர் அடிக்கிறார்கள் போல. கேட்டால் "தூங்கு போ" என்கிறார். ராத்திரியும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

உங்கள் கடிதத்தை நானும் படித்தேன். அவர் செய்தது தப்பு, அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம். சித்திரை மாத வெயிலில் அத்தை கம்பளியைப் போர்த்திக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இவரிடம் கேட்டேன். "அம்மாவுக்குக் குளுந்த ஒடம்பு" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

எனக்கு மட்டும் எழுதுவதாக இருந்தால் பின்னால் உள்ள முகவரிக்கு எழுதுங்கள். அடுத்த லைனில் இருக்கும் சின்னம்மாள் அக்கா, நம்பிக்கையானவர்.

உங்கள்,
குணசுந்தரி

•

ஆரணி
3-7-1981

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. உங்களுக்கு இருக்கிற புத்தியில் பாதி அவருக்கு இருந்தால் போதும்.

இது உங்களுக்கு மட்டும். அம்மா மாசி மாதத்திலிருந்து படுக்கையில் இருக்கிறாள். நுரையீரல் கெட்டுவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கு எழுதாத. எம் மேல சத்தியம். அவன் மொதல்ல எழுதட்டும்."

"என்னாத்த எழுதட்டும்? அதான் எழுதிகினுதான இருக்காரு?" என்றேன்.

"அது கடுதாசியா? அவன் எழுதுவான், வுடு" என்றாள். அதற்கு மேல் எவ்வளவு கேட்டாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் என்னத்தை எதிர்பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை, அண்ணி. நான் பொய் எழுத மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டேன். இதுவரை ஒரு பொய்யும் எழுதவில்லை. வேலூர் போனோம் என்று எழுதினேன். போர்வையை எழுதினேன்.

இன்னொன்று சொன்னாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. "என்னை அந்தச் சேத்துல எடுத்துகினு போவாதீங்க. உங்கப்பாவுக்கு ஆனது போதும்." இவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்காகத்தான் இவ்வளவு பாடும். ஐப்பசி மழைக்கு முன்னால் வழி கிடைக்க வேண்டும். அதுவரை அவள் தாங்குவாளா என்பதும் தெரியவில்லை.

தார் நிறுத்தி முப்பது நாளுக்கு மேல் ஆகிறது. முதல் வாரம் முதலாளி வீட்டுப் பெண்களே ராட்டையைப் பிடித்தார்கள். நூல் சிக்கி, அறுந்து, ஒரே பேஜார். இப்போது மேட்டுத் தெருவில் பாதித் தறி சும்மா நிற்கிறது. தறிக்காரர்கள் நம் மேல் பாய்வார்கள் என்று பயந்தேன். எல்லப்பன் என்று ஒருவர், அதே தெருக்காரர், கூலி நெசவுதான். அவர் வந்து, "எனக்கும் கஷ்டம்தாம்மா. ஆனா நீங்க கேக்கறது ஞாயம். நெசவாளர் சங்கத்துல நான் பேசறேன்" என்றார். பேசியும் இருக்கிறார். ஜூலை இருபத்தொன்பதில் மறுபடி கூட்டம்.

அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். அம்மா மேல் சத்தியம் இருக்கிறது.

அம்மாவுக்குக் கஞ்சி ஆற்ற வேண்டும், முடிக்கிறேன்.

ஆதிலட்சுமி

•

தங்கவயல்
19-7-1981

அன்புத் தங்கை ஆதிலட்சுமிக்கு,

நான் உடம்பால் சுகம். உன் முகத்தில் விழிக்கத் தகுதி இல்லாததால் மூன்று மாதம் எழுதவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து எழுதுகிறேன், இதைக் கிழிக்கப் போவதில்லை.

அப்பாவைத் தூக்கிய அன்று நெருப்புச் சட்டி என் கையில் இருந்தது. முன்பக்கம் இடது தோள் அய்யாக்கண்ணு. அவன் குடித்திருந்தான், அது உண்மை. தன் சித்தப்பா செத்த துக்கத்தில் குடித்தான். வலது பக்கம் பெரியப்பா. வயலில் இறங்கியதும் பெரியப்பாவால் முடியவில்லை, மூச்சு வாங்கியது. நான் சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்பக்கம் வலது தோள் கொடுத்தேன். அய்யாக்கண்ணு எங்கே விழுந்துவிடுவானோ என்று அவனையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

விழுந்தது நான்.

மடையோரம் கால் வைத்தேன், இடுப்பளவு உள்ளே போய்விட்டது. நான் அப்படியே குப்புற விழுந்தேன். பாடை என் பக்கம் சாய்ந்தது. அய்யாக்கண்ணு காலைச் சேற்றில் ஊன்றி, தன் பக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டான். அவன் பிடித்திருக்காவிட்டால் அப்பா முழுவதும் சேற்றுக்குள் போயிருப்பார். ஆனாலும் முகமெல்லாம் சேறாகிவிட்டது. என் துண்டால் துடைத்தேன். மழையில் துடைக்கத் துடைக்க வழிந்தது. பெற்ற அப்பனின் முகத்தைச் சேற்றில் போட்டவன் நான்.

சுடுகாட்டில் யாரோ "எவன்டா வுட்டது?" என்று கத்தினார்கள். நான் வாயைத் திறக்கும் முன், "குடிகாரப் பய அய்யாக்கண்ணுதான்" என்று இன்னொருவர் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். கொட்டிய மழையில் முன்னால் போன பெரியப்பாவும் பின்னால் தூக்கியவர்களும் பார்க்கவில்லை, குடி மயக்கத்தில் அவனுக்கே தெரியவில்லை. நான் சும்மா இருந்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடமும் அப்படியே சொன்னேன். ஒரு தடவை சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் மறு மாதமே இங்கே ஓடி வந்தேன். ஊரில் வேலை கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

முதலாளி ஆள் அனுப்பிக் கேட்டபோது, நான் பயந்து எழுதியதாக நீ நினைத்திருப்பாய். பயம்தான். ஆனால் அவர் மேல் இருந்த பயம் இல்லை. வழி மேல்தான் தப்பு என்று நீ நிரூபித்தால் யார் விழுந்தார்கள் என்ற கேள்வி வரும். அந்தப் பயம்.

இத்துடன் தனித்தாளில் இதே விவரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கூட்டத்தில் படி. அய்யாக்கண்ணுவை வைத்துக்கொண்டு படி. அவன் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு. அவள் என்ன சொன்னாலும் ஒளிக்காமல் எழுது.

குப்புராஜ்

•

ஆரணி
30-7-1981

என் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. நேற்று கூட்டம். முதலில் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அய்யாக்கண்ணு அண்ணனை வம்படியாகக் கூட்டிப் போனேன். உங்கள் தாளை நான்தான் நின்று படித்தேன். பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். முடித்ததும் ராஜவேலு முதலாளி, "மொதல் கடுதாசியும் அவன்தான் எழுதனான், இதையும் அவன்தான் எழுதியிருக்கான். எதை நம்பறது?" என்றார்.

எல்லப்பன் எழுந்தார். "தன் மேல பழிய போட்டுக்கறதுக்கு எவனாவது பொய் எழுதுவானா? ஒண்ணு யோசிங்க. குடிச்சவன் நின்னுட்டான், குடிக்காதவன் வுழுந்துட்டான். அப்போ தப்பு யார் மேல? வழி மேலதான?"

தாசில்தார் பேனாவை மூடிவிட்டு, ஊர்க்காரர்களைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். ஒரு மணி நேரம் குசுகுசு என்று பேசிவிட்டு ஒத்துக்கொண்டார்கள். மேட்டுத் தெரு வழியாகச் சாவு போகலாம். பிள்ளையார் கோயில் எதிரில் ஐம்பது அடிக்கு மேளம் நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அந்த ஐம்பது அடி எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. எழவு, அதையும் ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று செல்லம்மாள் சொன்னாள். கையெழுத்துப் போட்டோம். திங்கட்கிழமையிலிருந்து தார் சுற்றுகிறோம்.

அய்யாக்கண்ணு அண்ணன் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். "ஏழு வருஷமா நான்தான் சித்தப்பாவ சேத்துல போட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன் ஆதி" என்றார். அப்புறம் தேம்பித் தேம்பி அழுதார். உங்களைத் திட்டவும் செய்தார், ஒளிக்காமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். நல்ல நல்ல வார்த்தையாகத் திட்டினார். கடைசியில், "வந்தான்னா என்னை வந்து பாக்கச் சொல்லு" என்றார்.

இப்போது அம்மா. அண்ணா, அம்மா மாசியிலிருந்து படுக்கையில் இருக்கிறாள். இனிமேல் எழுந்திருக்க மாட்டாள். உங்களுக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உங்கள் கடிதத்தை வியாழக்கிழமையே அவளுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அன்னிக்கி ரெண்டு பேர் வேட்டியையும் ஆத்துல அலசனது நான்தான? அய்யாக்கண்ணு வேட்டில மொழங்கால் வரைக்கும்தான் சேறு. இவன் வேட்டில இடுப்பு வரைக்கும், சட்டைல மார் வரைக்கும். எவன் வுழுந்தான்னு தெரியாதா எனக்கு?"

"அப்போ ஏம்மா இத்தினி வருஷம் சொல்லல?"

"நான் சொன்னா அவன் தலை குனிஞ்சிகினே திரிவான். அவனே சொல்லட்டும்னு வுட்டேன். நான் சாவப் போறேன்னு தெரிஞ்சா ஓடியாந்து கால்ல வுழுந்து சொல்லுவான். அது எனக்காவ சொன்னது. அப்பாவுக்காவும் அய்யாக்கண்ணுக்காவும் சொல்லட்டும்னுதான் எழுத வேணாம்னேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்போ வரச்சொல்லு" என்றாள்.

வியாழக்கிழமையே தந்தி கொடுத்திருப்பேன். தந்தியைப் பார்த்தால் அவன் பயந்துவிடுவான், கூட்டம் முடியட்டும், கடிதமாகவே எழுது என்றாள். உடனே லீவு போட்டு வாருங்கள். அண்ணியைத் திட்டாதீர்கள், அவரிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன்.

வழி பார்த்திருக்கும்,
ஆதிலட்சுமி

•

தங்கவயல்
26-8-1981

அன்புத் தங்கை ஆதிலட்சுமிக்கு அண்ணன் எழுதுவது.

காரியம் முடிந்து நாங்கள் இங்கே நல்லபடியாக வந்து சேர்ந்தோம். காட்பாடியில் ரயிலுக்கு மூன்று மணி நேரம் காத்திருந்தோம். நீ கட்டிக்கொடுத்த புளிசாதத்தை அங்கேயே சாப்பிட்டோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஆறு மாதமாக நீ தூங்கவில்லை என்பது உன்னைப் பார்த்தாலே தெரிந்தது.

நேரில் பதினெட்டு நாள் இருந்தும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். நான் வந்த அன்று நீ தண்ணீருக்குப் போயிருந்தாய். அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"குணா சொன்னாளா நான் படுத்திருக்கறத?" என்று கேட்டாள்.

"இல்லமா. எழுதறப்ப எனக்குத் தெரியவே தெரியாது" என்றேன்.

"அப்போ நீயாதான் எழுதன?"

"நானாதான்."

"செரி. சாப்டியா?" என்றாள். அதன் பிறகு அவள் இருந்த ஐந்து நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் இத்தனை வருடம் பயந்து செத்தது இந்தக் கேள்விக்குத்தான் என்று நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அம்மாவை எடுத்த அன்று, தெருமுனைக்கு வந்ததும் நெருப்புச் சட்டியைத் தங்கவேலு மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, முன்பக்கம் வலது தோளுக்கு நான் போனேன். இடது பக்கம் யார் என்று பார்த்தேன். அய்யாக்கண்ணு. ஏழு வருடத்தில் அவன் தோள் கொடுத்த முதல் சாவு. அவன் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "பாத்து நட" என்று மட்டும் சொன்னான். சங்கத்துப் பெண்கள் தெருமுனையில் நிற்காமல் கடைசி வரைக்கும் கூடவே வந்தீர்கள். தறிச் சத்தம் இரு பக்கமும் நின்றுவிட்டது. எல்லப்பன் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ராஜவேலு முதலாளி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கோயில் எதிரில் மேளம் நின்றபோது நம் கால் சத்தம் கேட்டது. ஐம்பது அடியையும் எண்ணினேன். இருபத்திரண்டு எட்டில் முடிந்துவிட்டது. அதை அடுத்த மனுவில் எழுதுவாய் என்று தெரியும். என் கையெழுத்து வேண்டுமானால் கேள், தாமதிக்க மாட்டேன்.

அய்யாக்கண்ணுவைப் பொங்கலுக்கு இங்கே அனுப்பி வை. வருவதாகச் சொல்லியிருக்கிறான், ஏமாற்றிவிடுவான்.

நேற்று குணா துணி துவைக்கும்போது அன்று நான் கட்டியிருந்த வேட்டியையும் எடுத்தாள். நான் கேட்டு வாங்கி, குழாயடியில் விரித்துப் பார்த்தேன். கரையோரம் மேட்டுத் தெருப் புழுதி கொஞ்சம் ஒட்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. நானே துவைத்துக் காயப் போட்டேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். பதில் எழுது.

அண்ணன்,
குப்புராஜ்